ஒரே கிண்ணத்தில் இரண்டு வயிறு

இப்போதெல்லாம் பூச்சியின் ஒரு காலை ஒடித்து அனுப்பினால் போதுமாம். மெஷின் பார்த்து, இது இன்ன இனம், இன்னாருக்குப் பங்காளி என்று சொல்லிவிடுகிறதாம். போன மாதம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் இரண்டு பேர் கள்ளக்குறிச்சியில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். அந்தக் காலத்தில் நீங்கள் வயிற்றை வெட்டித்தான் பார்ப்பீர்களாமே சார் என்று, ஏதோ நான் கசாப்புக் கடை வைத்திருந்த மாதிரி கேட்டார்கள். ஆமாம்ப்பா, வெட்டித்தான் பார்த்தோம், ஒருமுறை வெட்டியதை மாற்றி வைத்து மாட்டிக்கொண்டேன் என்றேன். அவ்வளவுதான், எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். சரி, எழுதிவிடுகிறேன். பென்ஷன் வாங்குகிறவனை இனி யார் என்ன செய்துவிட முடியும்?

என் பெயர் ஏழுமலை. சொந்த ஊர் திருநாவலூர். படிப்பு பி.யூ.சி.யோடு நின்றது. உளுந்தூர்பேட்டையில் லாரிகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். பம்பரில் ரோஜாப்பூ, கதவில் குலதெய்வம், பின்பலகையில் 'ஒலி எழுப்பவும்'. பிரஷ்ஷில் ஒற்றை முடியை வைத்துக் கோடு இழுப்பேன். அதைப் பார்த்த ஒருத்தர், பூச்சிப் படம் வரைய ஆள் தேடுகிறார்கள் என்று கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிவைத்தார். பயிர்ப் பூச்சிகளை ஆராய்கிற சின்ன ஆய்வுக்கூடம், மொத்தம் மூன்று அறை. 'டெம்பரவரி' என்று சேர்த்துக்கொண்டார்கள். ஊசி குத்த, லேபிள் எழுத, மைக்ராஸ்கோப் பார்க்க எல்லாம் ஒரு வருஷத்தில் கைக்கு வந்துவிட்டது. டெம்பரவரி மட்டும் போகவில்லை. ஏழு வருஷம் அப்படியே ஓடியது. இந்தக் கதை நடந்தபோது எனக்கு இரண்டு பிள்ளைகள். அந்த வருஷம்தான் முதல்முறையாக, மேலதிகாரி நல்லபடியாக ஒரு கடிதம் எழுதினால் வேலையை நிரந்தரமாக்குகிறோம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து தாக்கீது வந்திருந்தது.

மேலதிகாரி வசந்தகுமாரி மேடம். என்னைவிட நாலு வயது சின்னவர். மலை ஏறும்போது புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பார். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போவேன். யாரையும் திட்ட மாட்டார். கோபம் வந்தால் பென்சில் சீவுவார், அவ்வளவுதான். ஒருமுறை ஊர் பெயர் எழுதாமல் நான் நாற்பது பூச்சிக்கு ஊசி குத்திவிட்டேன். ஒரு புதுப் பென்சில் கட்டைவிரல் அளவுக்கு வந்த பிறகுதான் என்னிடம் பேசினார். மேஜைக்கு மேலே சுவரில் அவர் கையால் எழுதின ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: 'ஒரு நேரத்தில் ஒரு பூச்சி.' நான் அதைத் தினமும் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோஜனம்?

தத்துப்பூச்சி என்றால் நெல் போட்ட யாருக்கும் தெரியும். அரிசி நீளம்தான் இருக்கும். இலையில் உட்கார்ந்து சாறு குடிக்கும், நிழல் விழுந்தால் பக்கவாட்டில் தத்திவிடும். அதில் எத்தனையோ வகை. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயல். ஆண் பூச்சியின் வயிற்று நுனிக்குள்ளே இருக்கிற உறுப்பின் வடிவத்தைப் பார்த்தால்தான் இது வேறு அது வேறு என்று சொல்ல முடியும். பெண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் என்ன செய்வோம் என்றால், காய்ந்த பூச்சியின் வயிற்றை மட்டும் ஊசி நுனியால் பதமாகக் கழற்றி, பொட்டாஷ் கரைசலில் போட்டுச் சூடு காட்டுவோம். சதையெல்லாம் கரைந்து, கண்ணாடி மாதிரி கூடு மட்டும் நிற்கும். அதை அலசி, கிளிசரின் சொட்டில் வைத்துப் படம் வரைவோம். வரைந்து முடித்ததும் மிளகு அளவு குப்பியில் போட்டு, அதன் உடம்பு இருக்கிற அதே ஊசியில் குத்திவிடுவோம். உடம்பு மேலே, வயிற்றுக் குப்பி நடுவே, லேபிள் அடியிலே. இதுதான் முறை. வயிறும் உடம்பும் பிரிந்து இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் கண்டம்.

கல்வராயன் மலையில் கரியாலூருக்கு மேலே ஒரு கடுக்காய்த் தோப்பில், இளங்கன்றுகளின் இலையில் இருந்து மேடம் ஒரு ஆண் பூச்சியைப் பிடித்தார். வைக்கோல் நிறம், தலையில் மூன்று கறுப்புப் புள்ளி. அவருக்குத் தெரிந்த எந்தப் பூச்சியோடும் ஒத்துப்போகவில்லை. கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்று சமவெளியில், ரோட்டோர ஆவாரஞ்செடியில் இருக்கிறது. அதற்குப் புள்ளி இரண்டுதான். அதை ரொம்ப காலத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் நிறத்தை மட்டும் எழுதிப் பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே எப்படி இருக்கும் என்று யாரும் படம் போடவில்லை. அதனால் மேடம், இரண்டையும் அறுத்து இரண்டுக்கும் படம் போடுங்கள் ஏழுமலை, பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் காட்டலாம் என்றார்.

அவை, எங்கள் சாதியை எண்ணிப் பார்த்து அதற்கேற்ற இடஒதுக்கீடு கொடுங்கள் என்று எங்கள் பக்கத்தில் போராட்டம் நடந்த வருஷங்கள். இன்றைக்குப் பேரணி, நாளைக்கு மறியல் என்று போய்க்கொண்டிருந்தது. நான் அறுக்க உட்கார்ந்த அன்று, நாளைக்குப் பஸ் ஓடாது என்று பன்னிரண்டு மணிக்குச் செய்தி வந்தது. அடுத்த நாள் திருநாவலூரில் என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். இரண்டரை மணி பஸ்தான் கடைசி, அதை விட்டால் என் தங்கச்சி ஜென்மத்துக்கும் என்னோடு பேச மாட்டாள். மேடம் அன்றைக்கு ஊரில் இல்லை. ஒவ்வொன்றாகச் சூடு காட்டினால் நாலு மணி ஆகும். இரண்டு வயிற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டேன். இடப்பக்கம் மலைப் பூச்சி, வலப்பக்கம் ஆவாரம்பூச்சி. எனக்குத் தெரியாதா? கொதி வந்து இரண்டும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றன. அலசி, குப்பியில் போட்டு, ஊசியில் குத்திவிட்டு, வேஷ்டி மடிப்புக் கலையாமல் பஸ் ஏறிவிட்டேன். பிள்ளை என் மடியில் உட்கார்ந்து தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது. பிரமாதமான காதுகுத்து.

அப்புறம் படம் வரைந்தேன். ஒன்றில் கொக்கி மாதிரி வளைந்த இரண்டு முள். இன்னொன்று வெற்றிலை மாதிரி அகன்று இருந்தது. கொக்கி இருந்தது மலைப் பூச்சியின் ஊசியில். மேடம் ஒரு வாரம் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. புதிய இனம், சந்தேகமே இல்லை என்றார். அவர் தனியாக எழுதி வெளியிடப்போகிற முதல் புது இனம். இரண்டு மாதம் உட்கார்ந்து கட்டுரையை எழுதி, வடக்கே இருக்கிற ஒரு பூச்சியியல் சஞ்சிகைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். அன்று சாயங்காலத் தபால் மூட்டை போன பிறகுதான் கொடுத்தேன். மறுநாள் காலையில் ரோடு மூடிவிட்டது. இந்தத் தடவை ஒரு நாள் இல்லை, ஒரு வாரம். புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டுவிட்டார்கள். அந்த வாரம் எத்தனையோ பேர் வீட்டில் துக்கம் நடந்தது. அதைச் சொல்லத் தகுதியானவர்கள் வேறே இருக்கிறார்கள். நான் என் கதையை மட்டும் சொல்கிறேன்.

ஆய்வுக்கூடத்துக்கு நடந்து வரக்கூடியவர்கள் மேடமும் நானும்தான்; மேடம் கட்டுரை முடிந்த களைப்பில் வீட்டிலேயே இருந்தார். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று, உளுந்தூர்பேட்டை ரோட்டோரம் பிடித்துப் பெட்டியில் கிடந்த ஆவாரம்பூச்சி ஒன்றை எடுத்து அறுத்தேன். கிளிசரினில் வைத்துப் பார்த்தால், கொக்கி!

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கொக்கிதான். இன்னும் மூன்றை அறுத்தேன், இந்தத் தடவை ஒவ்வொன்றாக. நாலுக்கும் கொக்கி. அப்படியானால் வெற்றிலை வடிவம் மலைப் பூச்சியுடையது. கிண்ணத்தில் நான் மாற்றி எடுத்துவிட்டேன். கட்டுரை முழுக்கத் தலைகீழ். மேடம் புதுசு என்று எழுதின உறுப்பு, ரோட்டோரத்தில் லாரிப் புகை குடித்துக்கொண்டிருக்கிற பூச்சியுடையது.

பொய் சொல்லவா? முதலில் தோன்றியது, வாயை மூடிக்கொண்டு இரு என்பதுதான். யார் மறுபடி போய்ப் பார்க்கப்போகிறார்கள்? இன்னும் ஐம்பது வருஷம் ஆகும், அதற்குள் நானும் இருக்க மாட்டேன். இந்த மாதக் கடைசிக்குள் மேடம் கடிதம் எழுத வேண்டும். இப்போது போய்ச் சொன்னால் எந்தக் கையால் எழுதுவார்? மத்தியானம் வீட்டுக்குப் போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி துருவித் துருவிக் கேட்டு வாங்கிவிட்டாள். பூச்சி சமாச்சாரம் அவளுக்குப் பாதிதான் புரிந்தது. மீதி நன்றாகவே புரிந்தது.

"சொல்லாம உங்களால சோறு துன்ன முடியும்னா சொல்லாதீங்க" என்றாள். "முடியாதுன்னா இப்பவே போயி சொல்லிட்டு வந்து துன்னுங்க. ஆறிப்போவுது."

மேடம் வீடு பத்து நிமிஷ நடை. வாசலிலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். காதுகுத்தையும் விடவில்லை. அவர் மூன்று கேள்வி கேட்டார். இன்றைக்கு எத்தனை அறுத்தீர்கள்? தனித்தனியாகவா? அன்றைக்கு இரண்டும் ஒரே கிண்ணத்திலா? பதில் சொன்னேன். உள்ளே போனார். பென்சில் சீவுகிற சத்தம் கேட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு வருஷமும் அந்தச் சீவலோடு சுருண்டு விழுகிறதாகவே எனக்குப் பட்டது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார்.

"நல்லவேளை, ரோட்டை மறிச்சாங்க" என்றார்.

மூட்டை இன்னும் கள்ளக்குறிச்சித் தபால் ஆபீஸை விட்டு நகரவில்லை என்று அவருக்கு அப்போதே பொறி தட்டியிருக்கிறது. அனுப்பினவர் கையெழுத்துப் போட்டு விண்ணப்பம் கொடுத்தால் கவரைத் திரும்ப வாங்கலாம். அங்கேயே எழுதினார். காரணம் என்று ஒரு வரி வேண்டுமே? 'பூச்சியின் வயிறு மாறிவிட்டதால்' என்று எழுதினார். உள்ளதைத்தான் எழுதுவார், வேறே எழுத வராது. போஸ்ட்மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். உடம்பு நல்லா இருக்குதுங்களா என்று கேட்டுவிட்டுக் கவரை எடுத்துக் கொடுத்தார்.

குப்பியை மாற்றிக் குத்திவிட்டால் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். சொல்லியும் பார்த்தேன்.

"கிண்ணத்துல ரெண்டுதான் இருந்துச்சுன்னு உங்க ஞாபகம் சொல்லுது" என்றார் மேடம். "ஞாபகத்தை ஊசியில குத்த முடியுமா ஏழுமலை? எனக்கு வேற ஒரு ஆண் பூச்சி வேணும்."

ஒரு புது இனத்தின் பெயர் ஒரே ஒரு பூச்சியின் மேல்தான் நிற்கும். மூல மாதிரி என்போம். பின்னால் எந்தச் சந்தேகம் வந்தாலும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் சந்தேகம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு. புரட்டாசி பிறந்துவிட்டது. பெருமழை பிடித்துக்கொண்டால் இலையில் ஒன்றும் நிற்காது. அடுத்த வருஷம்தான். நான் போகிறேன் என்றேன். எப்படிப் போவீர்கள் என்றார். சைக்கிள் இருக்கிறது, கால் இருக்கிறது என்றேன். கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் ஏது?

கச்சிராயபாளையம் ரோட்டில் மூன்றாவது மரத்தில் மறியல்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைக்கிறவரை ஒன்றும் சொல்லவில்லை. தோளில் தொங்கிய வலையைப் பார்த்ததும் இருபது பேர் சூழ்ந்துகொண்டார்கள். துண்டைத் தலையில் கட்டியிருந்த ஒரு பெரியவர்தான் அங்கே தலைவர். பையைத் திறக்கச் சொன்னார். லென்ஸ், குப்பி, ரப்பர் குழாய், நோட்டுப் புத்தகம். நோட்டில் ஊர் பெயர், நேரம், எத்தனை என்ற எண்ணிக்கை. போதாதா? போலீஸுக்கு ஆள் கணக்கு எடுத்துக் கொடுக்கிறான் என்று ஒருத்தர் சொல்லிவிட்டார்.

பூச்சி புடிக்கப் போறங்க என்றேன். சிரித்தார்கள், ஆனால் விடவில்லை. வேறே வழி? வெட்டிப் போட்டிருந்த மரத்தோரப் புல்லில் நாலு வீச்சு வீசினேன். உறிஞ்சுகுழாயின் ஒரு முனையை வாயில் வைத்து, மறு முனையைப் பூச்சிக்கு நேரே காட்டி உறிஞ்சினால், அது நடுவில் இருக்கிற குப்பிக்குள் போய் விழும். வாய்க்கு வராமல் குழாயில் ஒரு வலைத்துணி தடுக்கும். இரண்டு மூன்றை அப்படி ஏற்றி, லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பெரியவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள்.

"இன்னாடா இது, கண்ணு செவப்பா இருக்குது" என்று சிரித்த பெரியவர், இதை எதுக்குத்தான் எண்ணுகிறீர்கள் என்று கேட்டார். எத்தனை வகை எங்கே இருக்கிறது என்று சர்க்காரில் கணக்கு வைக்க வேண்டும் என்றேன். அவர் லென்ஸை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"பூச்சிய எண்றாங்க. எங்கள எண்ணிப் பாத்து குடுங்கன்னுதான நாங்களும் ரோட்டுல குந்திக்கினு கீறோம்" என்றார். "போ, போயி எண்ணு."

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அடுத்த இரண்டு மரத்திலும் யாரும் தடுக்கக் கூடாது என்று அவரே ஓர் ஆளை என்னோடு அனுப்பினார்.

அடிவாரத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு மலை ஏறினேன். கடுக்காய்த் தோப்புக்குப் பக்கத்தில் சாமைக் கொல்லை வைத்திருந்த வெள்ளையம்மாவுக்கு எங்களைத் தெரியும். போன தடவை ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று போனீர்களே, இப்போது என்ன என்று கேலி செய்தார். முதல் நாள் முழுக்கக் கன்று கன்றாகக் குனிந்தேன். மூன்று புள்ளிக்காரர்கள் பதினொன்று கிடைத்தார்கள். லென்ஸில் வயிற்று நுனியைப் பார்த்தால் பதினொன்றும் பெண். இரண்டாம் நாள் மழை. வெள்ளையம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் தின்றுகொண்டு, வேலையே போகப்போகிறவன் என்ன ருசியாகச் சாப்பிடுகிறான் பார் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. இலை காயக் காய ஒவ்வொன்றாகக் கீழ்ப்பக்கத்திலிருந்து மேலே வந்தன. ஒரு கன்றின் கொழுந்தில் ஒல்லியாக, சின்னதாக ஒன்று. ஆணாகத்தான் இருக்க வேண்டும். குழாயை நீட்டினேன், மூச்சைப் பிடித்து உறிஞ்சினேன். மழையில் நனைந்த வலைத்துணி நழுவியிருந்தது எனக்குத் தெரியாது. பூச்சி குப்பியில் நிற்காமல் நேரே என் வாய்க்குள் வந்துவிட்டது.

விழுங்கவில்லை. சத்தியமாக விழுங்கவில்லை. கன்னத்தின் உள்பக்கம் அது தத்துவது தெரிந்தது. மூச்சு விட்டால் போய்விடும், இழுத்தால் தொண்டைக்குள் போய்விடும். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. வாயை மூடிக்கொண்டே, வெள்ளையம்மாவைப் பார்த்துக் குப்பியைக் கொண்டு வரச் சொல்லிக் கையை ஆட்டினேன். அந்த அம்மா நான் தேளை மிதித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு சொம்பில் தண்ணீரோடு ஓடி வந்தார். கடைசியில் நானே தேடி எடுத்துக் குப்பிக்குள் மெல்லத் துப்பினேன். எச்சிலுக்கு நடுவே வைக்கோல் நிறத்தில், மூன்று புள்ளியோடு, ஒரு பின்னங்கால் குறைவாகக் கிடந்தது. லென்ஸில் பார்த்தேன். ஆண்! கொல்லை மேட்டில் உட்கார்ந்து சிரித்தேன். அழுகையும் வந்தது. வெள்ளையம்மா அந்தத் தண்ணீரை என்னையே குடிக்கச் சொன்னார்.

ஆய்வுக்கூடத்தில் மேடம், நீங்களே அறுங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு பூச்சி, ஒரு கிண்ணம். கிளிசரினில் வைத்து, பார்க்காமலேயே எழுந்து அவருக்கு இடம் விட்டேன். அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். வெற்றிலை என்றார். காலுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. கட்டுரையில் 'வலது பின்னங்கால் இல்லை' என்று மட்டும் போட்டார். இனத்துக்கு மலையின் பெயரை வைத்தார். அது இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

மாதக் கடைசியில் கடிதம் போனது. அதில் என்ன இருக்கிறது என்று மேடம் சொல்லவில்லை. டைப் அடித்த கிளார்க்தான் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், அந்தம்மா உன் தப்பை மொத்தமும் எழுதி வெச்சிருக்காங்க ஏழுமலை, ஆண்டவன்தான் காப்பாத்தணும் என்றார். வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள். உளுந்தூர்பேட்டையில் லாரிக்குப் பெயர் எழுதுகிற ஆள் இப்போது யாரும் இருக்கிறார்களா என்று விசாரித்துக்கூட வைத்துவிட்டேன்.

தலைமை அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். பெரிய அதிகாரி என் ஃபைலைத் திறந்து, கடிதத்தை முதலிலிருந்து வாய்விட்டே படித்தார். ஒரே கிண்ணத்தில் இரண்டு வயிற்றைப் போட்டது, காதுகுத்து, தபால் ஆபீஸ், எல்லாம் இருந்தது. கடைசிப் பாராவுக்கு வந்ததும் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார்.

"'இந்தத் தவறை இவரே வந்து சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன். இனி ஏழுமலை எழுதிய லேபிளை நான் மறுபடி சரிபார்க்கப் போவதில்லை.'"

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எப்ப சேர்றீங்க?" என்றார்.

"ஏழு வருஷமா சேர்ந்துதாங்க இருக்கேன்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார்.